பொதுப் பரீட்சை இல்லாத வருஷம்



பத்தாம் வகுப்பு முடிந்து, மார்க்கு வந்து, அக்கம்பக்கத்தாருக்கு மிட்டாயும் கொடுத்தாயிற்று. புதுச் சீருடை தைத்துப் புது நோட்டுகளுக்கு அட்டை போட்டு, உங்களில் பலர் இப்போது பிளஸ் ஒன் வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். வாலாஜாபாத்திலேயே சேர்ந்தவர்கள் உண்டு. காலையில் பஸ்ஸிலும் ரயிலிலும் காஞ்சீபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ போகிறவர்களும் உண்டு. எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். பெற்றோரும் வாசிக்க வேண்டும். அவர்களுக்கென்றே சில வார்த்தைகள் பின்னால் இருக்கின்றன.

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவர் ஓர் உவமை சொன்னார். அர்ச். லூக்காஸ் எழுதின சுவிசேஷம் 14-ம் அதிகாரத்தில் அது இருக்கிறது. அந்த உவமையில் வருகிறவன் அஸ்திவாரம் போட்டுவிட்டு மேலே கட்ட வழியில்லாமல் நின்றவன். ஊரார் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். நம் நாளில் இதற்கு நேர்மாறான ஒருவனைப் பார்க்கிறோம். அவன் அஸ்திவாரத்தைத் தொடாமலே மேல்மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பார்க்கிறான். பிளஸ் ஒன் வகுப்பைத் தூங்கிக் கழித்துவிட்டு பிளஸ் டூவில் பிடித்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிற பிள்ளைதான் அவன்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பழைய கதை சொல்லவேண்டும். உங்கள் பாட்டன்மார் காலத்தில் இந்த மேல்வகுப்பு பள்ளிக்கூடத்தில் இல்லை. முதலில் இண்டர்மீடியட் என்று கல்லூரியில் இரண்டு வருஷம். பிறகு 1950-களில் அது போய், பி.யூ.சி. என்று ஒரு வருஷம். 1978-ல்தான் தமிழ்நாட்டில் அந்தப் படிப்பு மேல்நிலைப் பள்ளிக்கு மாறி பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று இரண்டு வருஷமாக வந்தது. அன்று கல்லூரிப் பேராசிரியர் நடத்தின பாடத்தை இன்று நீங்கள் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். பத்தாம் வகுப்பில் நன்றாய் வாங்கின பிள்ளை முதல் மாதத்திலேயே திகைத்துப் போவது அறிவுக் குறைவினால் அல்ல. ஏறுகிற படி அவ்வளவு உயரம்.

பிளஸ் ஒன்னுக்கு வெகுகாலம் பொதுப் பரீட்சை இருந்ததில்லை. சில பள்ளிக்கூடங்களில் முதல் வருஷப் புஸ்தகத்தைப் பிரிக்காமலே, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே திருப்பித் திருப்பி நடத்தினார்கள். மார்க்கு மலைபோல் வந்தது. ஆனால் அப்படிப் படித்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் முதல் வருஷக் கணக்கில் தடுமாறினார்கள். இதைத் தடுக்கத்தான் 2017-ல் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டு, 2018 மார்ச் முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுப் பரீட்சை வைத்தார்கள். பின்பு வருஷா வருஷம் மூன்று பொதுப் பரீட்சை பிள்ளைகளுக்குப் பெரும் பாரமாகிறது என்று பேச்சு எழுந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில், 2025-26 கல்வியாண்டு தொடங்கி பிளஸ் ஒன் பொதுப் பரீட்சை எடுக்கப்பட்டது. பாரம் குறைந்தது நல்லதுதான். பதினாறு வயதுப் பிள்ளையை வருஷமெல்லாம் பயத்திலே வைத்திருப்பதில் நமக்குச் சம்மதமில்லை. ஆனால் பாரத்தை இறக்கினவர்கள் பாடத்தை இறக்கவில்லை. புஸ்தகம் அப்படியேதான் இருக்கிறது.

“சாமி, இஞ்சினீயரிங் சேர்க்கைக்கு பிளஸ் டூ மார்க்கைத்தானே பார்க்கிறார்கள்?” என்று ஒரு பிள்ளை கேட்கலாம். நியாயமான கேள்வி. 2007-ல் நுழைவுத் தேர்வு போன பிறகு, கணிதத்துக்கு நூறு, பௌதிகத்துக்கு ஐம்பது, இரசாயனத்துக்கு ஐம்பது என்று பிளஸ் டூ மார்க்கைச் சுருக்கி இருநூறுக்குக் கணக்கிடும் முறை வந்தது உண்மையே. ஆனால் அந்தப் பிளஸ் டூ மார்க்கு எங்கிருந்து வருகிறது? கணிதப் புஸ்தகத்தைப் பிரித்துப் பாருங்கள். வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் முதல் வருஷம் தொடங்குகின்றன. இரண்டாம் வருஷம் வருவதோ அவற்றின் பயன்பாடுகள். தொடங்காததை எப்படிப் பயன்படுத்துவது? வெக்டர் பாடமும் அப்படியே. பௌதிகத்தில் விசையும் இயக்கமும் பிடிபடாதவன் அடுத்த வருஷம் மின்புலத்தில் நுழையும்போது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நிற்பான். இரசாயனத்தில் மோல் கணக்கு தெரியாதவனுக்கு இரண்டாம் வருஷக் கணக்குகள் ஒன்றும் ஓடாது. வணிகவியல் பிரிவில் சேர்ந்தவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று எண்ண வேண்டாம். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு எல்லாம் முதல் வருஷப் பாடம். அது கைவராமல் கூட்டாண்மைக் கணக்கும் கம்பெனிக் கணக்கும் போடுகிறவர் யார்? டாக்டர் படிப்பை நாடுகிறவர்களுக்கோ சொல்லவே வேண்டாம். நீட் பரீட்சையின் பாடத்திட்டம் பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு இரண்டையும் தழுவியது. அங்கே முதல் வருஷப் பாடத்துக்கு யாரும் விலக்குக் கொடுப்பதில்லை.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தறியை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். காஞ்சீபுரத்தில் தெருவிலே விடியற்காலையில் பாவு நீட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தறியில் பழைய பாவு தீரும் சமயத்தில், அச்சிலும் விழுதிலும் கோத்திருக்கிற இழைகளை உருவி எறிந்துவிடுவதில்லை. அவற்றின் நுனியை விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாய் எடுத்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய நுனியோடு முறுக்கிப் பிணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்! பார்ப்பவனுக்கு அதில் ஒரு அழகும் தெரியாது. சேலையின் ஒரு விரற்கடைகூட அன்றைக்கு நெய்யப்படவில்லை. ஆனால் அதில் பத்து இழை விட்டுப்போனால், பிறகு எத்தனை ஜரிகை போட்டாலும் அந்த இடம் குறையாகவே நிற்கும்.

ஆகவே முதலாவது புத்தி இதுவே: பத்தாம் வகுப்புப் புஸ்தகங்களைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடாதேயுங்கள். பழைய நுனி அவற்றில் இருக்கிறது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மாலையில் அரைமணி நேரம் எடுத்து, பின்னக் கணக்கு, இயற்கணிதம், முக்கோணவியல், ஆங்கில இலக்கணம் இவற்றில் எது உங்களுக்கு எப்போதும் ஆட்டம் கண்டதோ அதைச் சரிசெய்யுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கு தெரியாவிட்டால் எட்டாம் வகுப்புக்கே திரும்பிப் போங்கள். ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

தமிழில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இன்னொரு கவலை உண்டு. கல்லூரிக்குப் போனால் எல்லாம் ஆங்கிலம் என்ற பயம். இதற்கும் இப்போதே மருந்து போடலாம். ஒரு சின்ன நோட்டு வைத்து, திசைவேகம் என்று படித்தால் பக்கத்தில் வெலாசிட்டி, முடுக்கம் என்றால் ஆக்ஸிலரேஷன், உந்தம் என்றால் மொமெண்டம் என்று எழுதி வாருங்கள். நாளைக்கு ஐந்து வார்த்தை போதும். இரண்டு வருஷத்தில் அந்த நோட்டு உங்களுக்கு ஒரு சொத்தாய்விடும். தமிழில் விளங்கிக்கொண்ட விஷயம் ஆங்கிலத்தில் பெயர் மாறினால் ஓடிப்போகாது. விளங்காமல் ஆங்கிலத்தில் உருப்போட்டதுதான் ஓடிப்போகும்.

படிக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாய்ச் சொல்கிறோம். அன்று நடத்தினதை அன்று மாலையே ஒருமுறை பார்ப்பது. பிறகு புஸ்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நின்றதைத் தாளில் எழுதுவது. கணக்கானால் செய்து காட்டின கணக்கை மறைத்துவிட்டுத் தானே போடுவது. மஞ்சள் மையால் கோடு போட்டு நாலு தடவை வாசித்தவன் தனக்குத் தெரியும் என்று நம்புகிறான். மூடிவைத்து எழுதினவனோ தனக்கு எது தெரியவில்லை என்பதைக் கண்டுகொள்கிறான். இந்த இரண்டாவது அறிவு கசப்பானது, ஆனால் அதுதான் பரீட்சைக் கூடத்தில் கைகொடுக்கும். தவறினதை மட்டும் எழுதிவைக்கத் தனியாய் ஒரு நோட்டு இருக்கட்டும். இராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். செல்போனைப் பற்றி நீங்கள் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள். ஒரே வார்த்தை: படிக்கும் வேளையில் அது வேறு அறையில் இருக்கட்டும். ஒரே அறையுள்ள வீடானால் அம்மாவின் கையில் இருக்கட்டும்.

உபாத்தியாயரிடம் கேள்வி கேட்க அஞ்சாதேயுங்கள். நம் சேசுநாதர் பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் வேதபாரகர்களின் நடுவே உட்கார்ந்து என்ன செய்தார்? அவர்கள் சொல்வதைக் கேட்டார், அவர்களிடம் கேள்வியும் கேட்டார். சகலமும் அறிந்தவர் அப்படிச் செய்திருக்க, நாம் தெரியாததைத் தெரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டு இருப்பது என்ன நீதி?

இங்கே ஒரு பெரிய மனிதரின் கதையை நினைக்கவேண்டும். கணித மேதை ராமானுஜம் இன்றைய பிளஸ் டூவுக்கு ஒப்பான எப்.ஏ. வகுப்பில் 1904-ல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் சேர்ந்தார். உபகாரச் சம்பளமும் கிடைத்தது. கணிதமே கதியென்று கிடந்து மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அந்த உபகாரச் சம்பளம் போயிற்று. 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி சேர்ந்தார், நோயும் வந்தது, எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. மறுவருஷமும் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. அதன் பிறகுதான் கேம்பிரிட்ஜும், 1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர் என்ற மகிமையும்.

“ராமானுஜமே தோற்றார், நான் தோற்றால் என்ன?” என்று இதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற பையன்கள் உண்டு. தம்பி, கணிதத்துக்காக ராமானுஜம் ஆங்கிலத்தை விட்டார். நீ ஆங்கிலத்தை விட்டது எதற்காக? கிரிக்கெட்டுக்காக அல்லவா? இந்தக் கதையில் நாம் பார்ப்பது வேறு. அத்தனை பெரிய புத்திக்கும் பிடிக்காத பாடத்தின் வழியாகவே கதவு இருந்தது. அதைத் திறக்காததால் அவர் வீட்டார் பட்ட கஷ்டமும் அவர் பட்ட பசியும் கொஞ்சமல்ல. உங்களுக்குப் பிடிக்காத பாடம் ஒன்று இருக்கும். அதற்கு உங்கள் முதல் மணி நேரத்தைக் கொடுங்கள். அதே சமயம், உண்மையாய் உழைத்தும் தேறாத பிள்ளை இந்தக் கதையைக் கேட்டு ஆறுதல் அடையலாம்; அது அவனுக்கு உரிமையான ஆறுதல். பரீட்சைத் தாள் ஒரு மனிதனின் முழு அளவு அல்ல.

பிரிவு தேர்ந்தெடுத்ததில் மனக்கலக்கம் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. இராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் 1950-ல் திருச்சி அர்ச். சூசையப்பர் கல்லூரியில், நம் சேசுசபைக் குருக்களிடம், இண்டர்மீடியட் படிக்கச் சேர்ந்தார். அங்கேயே பௌதிகத்தில் பி.எஸ்ஸி.யும் முடித்தார். முடிக்கும் தறுவாயில்தான் தமக்கு ஏற்றது பௌதிகமல்ல, இஞ்சினீயரிங் என்று உணர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதன்பின் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். ஒரு பிரிவில் சேர்ந்துவிட்டோமே, வாழ்க்கை முடிந்ததே என்று பதினாறு வயதில் அழவேண்டியதில்லை. உங்களால் ஆகவே ஆகாத பிரிவு என்று தோன்றினால் முதல் சில வாரங்களுக்குள் தலைமை ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். ஆகஸ்டு கழிந்து பேசினால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இனிப் பெற்றோரே, உங்களிடம் வருகிறோம்.

உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்து வந்து, நல்ல மார்க்கு வாங்கியதும், கடன் வாங்கியாவது தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கிறீர்கள். அதற்குமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2020-ல் மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. 2021-ல் இஞ்சினீயரிங், விவசாயம், கால்நடை வைத்தியம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அவ்விதமே வந்தது. அதற்கு ஆறாம் வகுப்பு தொடங்கி பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும். கடைசி இரண்டு வருஷம் மாற்றினால் அந்த வாய்ப்பு போய்விடும். ஐந்து வருஷம் காத்துவைத்ததை இரண்டு வருஷத்துக்காக, அதுவும் வட்டிக்குப் பணம் வாங்கி, இழப்பது எவ்வளவு பரிதாபம்! மாற்றியே தீரவேண்டிய காரணம் இருந்தால் மாற்றுங்கள். பக்கத்து வீட்டார் மாற்றினார்கள் என்பது காரணமாகாது.

ஒரகடத்துக் கம்பெனி வண்டிகள் நம் வாசலுக்கே வருகின்றன. பிளஸ் டூ முடித்ததும், சில வீடுகளில் முடிக்குமுன்னமே, பையனை அனுப்பிவிடலாம் என்ற எண்ணம் பிறக்கிறது. உழைப்பு கௌரவமானது; ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் கௌரவமானவை. கைத்தொழில் செய்தவரை வளர்ப்புத் தகப்பனாராய்க் கொண்டவர் நம் ஆண்டவர். வறுமையின் நிமித்தம் வேலைக்குப் போகிறவர்களை நாம் குறை சொல்லோம். காஞ்சீபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் 1909-ல் பிறந்த அண்ணாதுரையும் வீட்டுக் கஷ்டத்தால் பள்ளிப் படிப்பை நிறுத்தி நகரசபை ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர்தான். ஆனால் அவர் திரும்பவும் படிக்கப் போனார்; பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. வரை படித்தார். ஒப்பந்தக் கூலிக்குப் போய் இரண்டு வருஷத்தில் வெளியே நிற்கிற பிள்ளைக்கு, திரும்பவும் படிக்கப் போக கையில் ஒரு பிளஸ் டூ சான்றிதழாவது இருக்கவேண்டாமா?

இன்னொன்று. ஒரே வீட்டில் பெண்பிள்ளை பிளஸ் ஒன், ஆண்பிள்ளை பிளஸ் ஒன். சாயந்தரம் வந்ததும் அவளுக்குக் குடமும் துடைப்பமும், அவனுக்கு மைதானம். ராத்திரி ஒன்பது மணிக்கு அவள் கண் சொருகிப் புஸ்தகத்தைப் பிடித்தால், “பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை” என்கிறீர்கள். ஏறுவதற்கு எப்போது இடம் கொடுத்தீர்கள்? குடத்தை அவனும் தூக்கட்டும்.

மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை தொலைக்காட்சிப் பெட்டியை அணையுங்கள். பிள்ளைக்காக நீங்கள் செய்யக்கூடிய தவம் அதுவே போதும். டியூஷன் மாஸ்டருக்குக் கொடுக்கும் பணத்தைக் காட்டிலும் அது அதிகப் பலன் தரும் என்று நம்புகிறோம்.

கடைசியாய் செபத்தைப் பற்றி. பரீட்சை எழுதுகிறவர்களுக்குப் பாதுகாவலராகத் திருச்சபை வணங்குகிற கூப்பர்த்தினோ நகர் அர்ச். சூசையப்பர் படிப்பில் மிகவும் மந்தமானவர். குருப்பட்டத்துக்கு முந்திய பரீட்சையில், சுவிசேஷத்தில் அவர் விளக்கத் தெரிந்திருந்த ஒரே பகுதியை மேற்றிராணியார் கேட்டாராம். 1628-ல் அவர் குருவானார். இந்த வரலாற்றைச் சொன்னால் பிள்ளைகளின் முகம் மலர்கிறது. பொறுங்கள். அவர் அந்த ஒரு பகுதியையாவது நன்றாய்ப் படித்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். ஒன்றும் படியாமல் மெழுகுவர்த்தி ஏற்றுவது செபமல்ல, சர்வேசுரனைச் சோதிப்பது. படிக்க உட்காருமுன் ஒரு அருள்நிறை மந்திரம், எழுந்திருக்கும்போது ஒரு திரித்துவப் புகழ். ஞாயிறு பூசையைப் பரீட்சையின் பேரால் விடாதிருப்பது. இவ்வளவு போதும்.

அந்த அர்ச்சியசிஷ்டவரின் திருநாள் செப்டம்பர் 18. காலாண்டுப் பரீட்சையும் அந்த நாட்களில்தான் வரும். அன்று காலைப் பூசைக்குப் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாரும் வாருங்கள். பரீட்சை முடிந்து தாள் திருத்தி வந்ததும், மார்க்கு எவ்வளவானாலும் சரி, தாளை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குமனைக்கு வாருங்கள். எந்த இழை விட்டுப்போயிருக்கிறது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். அரையாண்டுக்கு இன்னும் நாள் இருக்கும்.